கதவு திறந்தே இருந்தது, நாம் போகவில்லை!

உலகக் கோப்பைக் கால்பந்து: வாசல் மேல் வாசல் தாண்டும் கதை

செஞ்சிக்கு அருகே தளவானூர் என்று ஒரு சிற்றூர். அங்கே மலையைக் குடைந்து ஒரு கோவில் அமைத்திருக்கிறார்கள். மகேந்திரவர்மன் என்ற பல்லவ மன்னன் சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன்பு குடைந்த கோவில் அது. "சத்துருமல்லன்" என்பது அந்த மன்னனின் பட்டப் பெயர்களில் ஒன்று. பகைவரோடு மோதி ஜெயிக்கும் மல்லன் என்று பொருள்.

அந்த ஊரில், அறுவடை முடிந்த வயலில் பந்து உதைத்துவிட்டு வீடு திரும்பும் ஒரு சிறுவன், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவிடம் கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

"தாத்தா! உலகக் கோப்பையிலே எத்தனையோ நாடு ஆடுது. நம்ம நாட்டை மட்டும் காணோமே, ஏன்?"

கேள்வி சின்னது. பதில் பெரியது. அந்தப் பதிலில் கப்பல் வருகிறது, யுத்தம் வருகிறது, கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்த தங்கக் கோப்பை வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தரம் இந்தியாவுக்காகத் தானாகவே திறந்த ஒரு கதவும் வருகிறது!

ராஜகிரியில் ஏறுவது போல!

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலைமேல் ஏறியவர்களுக்குத் தெரியும். ஒரு வாசலைத் தாண்டினால் இன்னொரு வாசல். அதைத் தாண்டினால் மற்றொன்று. உச்சிக்கு அருகே போனால் பாறை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. பாலம் இருந்தால்தான் அந்தப் பக்கம் போகலாம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் போதும். எந்தப் பகைவனும் மேலே வர முடியாது.

உலகக் கோப்பைக்குப் போகும் வழியும் இப்படித்தான். நினைத்தவுடன் போய் ஆடிவிட முடியாது. முதலில் தகுதிப் போட்டிகளில் ஆட வேண்டும். பள்ளிக்கூட விளையாட்டில் வட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஜெயித்துப் போகவேண்டும் அல்லவா? அது போலத்தான் இதுவும். இங்கே ஆடுவது நாடுகள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் ஆரம்பத்தில் இந்த வாசல்கள் எதுவும் இல்லை!

கப்பலில் போன கோப்பை

முதல் உலகக் கோப்பைப் போட்டி 1930-ம் ஆண்டு நடந்தது. நடத்திய நாடு உருகுவே. தென் அமெரிக்காவில் உள்ள சின்ன நாடு அது.

"எல்லோரும் வாருங்கள்! பயணச் செலவும் சாப்பாட்டுச் செலவும் எங்களுடையது!" என்று உருகுவே அழைத்தது.

அப்படியும் ஐரோப்பிய நாடுகள் தயங்கின. காரணம், தூரம். விமானத்தில் பறந்து போகும் காலம் அல்ல அது. கப்பலில் இரண்டு வாரம் போக வேண்டும். அத்தனை நாள் வேலையை விட்டுவிட்டு யார் போவது?

கடைசியில் ஐரோப்பாவிலிருந்து பிரான்சு, பெல்ஜியம், ருமேனியா, யூகோஸ்லாவியா ஆகிய 4 நாடுகள் மட்டுமே சென்றன. அவற்றில் 3 நாடுகளின் ஆட்டக்காரர்கள் "கோண்டே வெர்டே" என்ற ஒரே கப்பலில் போனார்கள். உலகக் கால்பந்து சங்கத்தின் (பிபா) தலைவர் ஜூல்ஸ் ரிமே அதே கப்பலில் போனார். அவர் கூடவே கோப்பையும் போனது. ஆட்டக்காரர்கள் கப்பல் தளத்திலேயே ஓடி ஆடிப் பயிற்சி செய்தார்கள்!

மொத்தம் 13 நாடுகள் கலந்துகொண்டன. தகுதிப் போட்டி எதுவும் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் ஆடினார்கள். கடைசி ஆட்டத்தில் உருகுவே, அர்ஜென்டினாவை 4–2 என்று ஜெயித்துக் கோப்பையைத் தட்டிக்கொண்டது.

ஆடாமலே திரும்பிய மெக்சிகோ

இரண்டாவது போட்டி 1934-ல் இத்தாலியில் நடந்தது. இப்போது 32 நாடுகள் பெயர் கொடுத்தன. இடமோ 16 பேருக்குத்தான். பாதிப் பேரை எப்படிக் கழிப்பது? அப்போது பிறந்ததுதான் தகுதிப் போட்டி.

போட்டியை நடத்தும் இத்தாலிகூட சலுகை பெறவில்லை. கிரீசு நாட்டோடு ஆடி, ஜெயித்துத்தான் உள்ளே வந்தது.

அந்த ஆண்டு மெக்சிகோவுக்கு நேர்ந்த கதி பரிதாபமானது. அமெரிக்காவா, மெக்சிகோவா என்று தீர்மானிக்கும் ஆட்டத்தை ரோம் நகரிலேயே வைத்துக்கொண்டார்கள். உலகக் கோப்பை தொடங்க 3 நாள்தான் இருந்தது. மெக்சிகோ அணி அட்லாண்டிக் மாகடலைக் கடந்து வந்தது. அந்த ஒரு ஆட்டத்தில் 4–2 என்று தோற்றது. அப்படியே ஊர் திரும்பியது! விருந்துக்குப் போய், வாசலோடு திரும்பிய கதை!

ஆசியாவின் முதல் அணி

1938-ல் பிரான்சு நாட்டில் மூன்றாவது போட்டி. ஆசியாவிலிருந்து இரண்டு நாடுகள் பெயர் கொடுத்தன. ஒன்று ஜப்பான். மற்றொன்று டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த இந்தோனேசியா.

ஜப்பான் அப்போது சீனாவுடன் யுத்தத்தில் இறங்கியிருந்தது. ஆகவே போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. தகுதிப் போட்டியில் பந்தைத் தொடாமலே இந்தோனேசியா உலகக் கோப்பைக்குப் போனது! அந்த அணியின் தலைவர் மூக்குக் கண்ணாடி அணிந்துகொண்டு ஆடினார். ஹங்கேரியிடம் 6–0 என்று தோற்றார்கள். ஒரே ஆட்டம்தான். ஆனாலும் உலகக் கோப்பையில் ஆடிய முதல் ஆசிய அணி என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்துவிட்டது.

பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. 1942-லும், 1946-லும் போட்டி நடக்கவில்லை. யுத்தம் நடந்தபோது கோப்பை இத்தாலியில் இருந்தது. அதைப் பட்டாளத்தார் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம். இத்தாலியக் கால்பந்து சங்கத்தைச் சேர்ந்த ஒட்டோரினோ பராசி என்பவர் அதைப் பாங்கியிலிருந்து எடுத்து வந்தார். செருப்பு வைக்கும் அட்டைப் பெட்டிக்குள் போட்டார். தம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்! உலகமே ஆசைப்படும் கோப்பை அங்கே தூங்கிக் கிடந்தது.

லண்டனில் வெறுங்கால் வீரர்கள்

இனி இந்தியாவின் கதைக்கு வருவோம்.

1948-ம் ஆண்டு. சுதந்திரம் கிடைத்து ஓர் ஆண்டுகூட நிறையவில்லை. லண்டன் ஒலிம்பிக் போட்டிக்கு இந்தியக் கால்பந்து அணி சென்றது. அணித் தலைவர் நாகர் மலைப் பகுதியைச் சேர்ந்த டாக்டர் தலிமெரன் ஆவ்.

ஜூலை 31-ந் தேதி பிரான்சுடன் ஆட்டம். இந்திய வீரர்களில் பலர் பூட்ஸ் போடவில்லை. வெறுங்காலோடு ஆடினார்கள்! பார்த்தவர்கள் வியந்து போனார்கள். சாரங்கபாணி ராமன் இந்தியாவுக்கு ஒரு கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அதுதான். ஆனால் இரண்டு பெனால்டி வாய்ப்புகள் வீணாகிவிட்டன. ஆட்டம் முடியும் நேரத்தில் பிரான்சு இன்னொரு கோல் போட்டது. இந்தியா 2–1 என்று தோற்றது.

தோற்றாலும் பெயர் வந்தது. அதற்கு 2 ஆண்டு கழித்து, உலகக் கோப்பைக் கதவு திறந்தது.

தானாகத் திறந்த கதவு

1950-ம் ஆண்டுப் போட்டி பிரேசில் நாட்டில் நடப்பதாக ஏற்பாடு. ஆசியாவுக்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள். அதற்காக இந்தியா, பர்மா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய நாடுகள் மோதுவதாக இருந்தது.

பர்மா விலகியது. பிலிப்பைன்ஸ் விலகியது. இந்தோனேசியாவும் விலகியது.

மிச்சம் இருந்தது யார்? இந்தியா மட்டும்! ஓர் ஆட்டம்கூட ஆடாமல் இந்தியா உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டது.

எந்த நாட்டுடன் ஆடுவது என்றுகூட சீட்டுப் போட்டுத் தீர்மானித்துவிட்டார்கள். இத்தாலி, சுவீடன், பராகுவே ஆகிய மூன்று நாடுகளுடன் இந்தியாவுக்கு ஆட்டம்.

ஆனால் இந்தியா போகவில்லை!

செருப்பில்லாத கதை

ஏன் போகவில்லை?

"வெறுங்காலோடு ஆடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இந்தியா போகவில்லை." இந்தக் கதையைச் சொல்லாதவர் கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது முழு உண்மை அல்ல.

அப்போது இந்தியக் கால்பந்து சங்கம் சொன்ன காரணங்கள் வேறு. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் கருத்து வேற்றுமை. பயிற்சிக்குப் போதிய நாள் இல்லை. இவைதான் அந்தக் காரணங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் இந்தியாவில் ஒலிம்பிக் போட்டிக்குத்தான் மதிப்பு. உலகக் கோப்பை என்றால் என்ன என்று பலருக்குத் தெரியாது. அந்தக் காலத்தின் புகழ் பெற்ற ஆட்டக்காரர் சைலன் மன்னா. அவரும் பல ஆண்டுகள் கழித்து இதையே சொன்னார். உலகக் கோப்பையின் பெருமை அப்போது தங்களுக்குத் தெரியவில்லை என்றும், ஒலிம்பிக்தான் தங்களுக்கு எல்லாம் என்றும் அவர் மனம் விட்டுக் கூறினார்.

சரி, வெறுங்கால் கதைக்கு வருவோம். 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் இந்தியர் பலர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். குளிர் நாடு. எதிரி யூகோஸ்லாவியா. 10–1 என்று பலத்த அடி! அதற்குப் பிறகுதான் பூட்ஸ் போட்டே ஆடவேண்டும் என்று இந்தியச் சங்கம் கட்டாயம் ஆக்கியது.

ஆகவே பழியை எல்லாம் பூட்ஸ் மீது போட முடியாது. கதவு திறந்திருந்தது. அதன் அருமை தெரியவில்லை. அதுதான் நடந்தது.

அழைத்தும் போகாத மற்றவர்கள்

இந்தியா மட்டும்தான் இப்படிச் செய்ததா? இல்லை. ஸ்காட்லாந்துக்கும் இடம் இருந்தது. "எங்கள் வட்டாரப் போட்டியில் முதலாவதாக வந்தால்தான் போவோம்" என்று அது பிடிவாதம் செய்தது. இரண்டாவதாக வந்தது. போகவில்லை. துருக்கியும் தகுதி பெற்றுவிட்டுப் போகவில்லை.

16 நாடுகள் ஆடவேண்டிய போட்டியில் 13 நாடுகளே ஆடின. இந்தியா இல்லாத பிரிவில் 3 நாடுகள் மட்டுமே மோதின. அந்தப் பிரிவில் ஜெயித்த சுவீடன் கடைசியில் மூன்றாம் இடம் வரை போனது. ரியோ நகரில் நடந்த முடிவு ஆட்டத்தைப் பார்க்க ஏறத்தாழ 2 லட்சம் பேர் கூடினார்கள். சொந்த மண்ணில் பிரேசில் தோற்றது. உருகுவே ஜெயித்தது. பிரேசில் ஜனங்கள் கண்ணீர் விட்டு அழுதார்கள்.

அன்று அந்த மண்ணில் ஆட இந்தியாவுக்கும் இடம் இருந்தது.

ஜகார்த்தாவில் தங்கம்

"ஒருவேளை நம்மவர்கள் ஆடத் தெரியாதவர்களோ?" என்று யாரும் நினைக்க வேண்டாம்.

1951-ல் டெல்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. கால்பந்தில் ஈரானை 1–0 என்று ஜெயித்து இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது.

1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக். ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4–2 என்று இந்தியா வீழ்த்தியது. நெவில் டிசோசா ஒருவரே 3 கோல் அடித்தார். இந்தியாவுக்கு நாலாவது இடம் கிடைத்தது.

1962-ல் ஜகார்த்தா ஆசியப் போட்டி. பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரகீம். உடம்பில் கொடிய புற்றுநோய். ஆனாலும் அணியோடு இருந்தார். கடைசி ஆட்டத்தில் எதிரி தென் கொரியா. மைதானத்தில் கூடியிருந்த கூட்டமோ இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல் போட்டது.

அன்று இந்தியாவின் கோல் கீப்பராக நின்றவர் பீட்டர் தங்கராஜ். நல்ல உயரம். மெட்ராஸ் ரெஜிமெண்ட் மைய அணியில் ஆடிப் பெயர் எடுத்தவர். பி.கே. பானர்ஜி ஒரு கோல் போட்டார். ஜர்னைல் சிங் இன்னொரு கோல் போட்டார். 2–1 என்று இந்தியாவுக்குத் தங்கம்! அடுத்த ஆண்டே ரகீம் காலமானார்.

தோற்ற கொரியா என்ன ஆயிற்று?

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

1954-ம் ஆண்டு உலகக் கோப்பையில் ஆட இந்தியா விண்ணப்பம் செய்தது. அது ஏற்கப்படவில்லை. அந்தப் போட்டிக்குத் தென் கொரியா போனது. அங்கே யுத்தம் ஓய்ந்து ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. ஜப்பானுடன் இரண்டு ஆட்டங்கள் ஆடித் தகுதி பெற்றது.

சுவிட்சர்லாந்துக்குப் போன கொரியர்கள் வாங்கிய அடி கொஞ்சமா? ஹங்கேரி 9 கோல் போட்டது. துருக்கி 7 கோல் போட்டது. கொரியா ஒரு கோல்கூட அடிக்கவில்லை!

ஆனால் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. மறுபடியும் மறுபடியும் கதவைத் தட்டினார்கள். 1986 முதல் எந்த உலகக் கோப்பையையும் தவறவிடாமல் தகுதி பெற்றார்கள். 2002-ல் இத்தாலியையும் ஸ்பெயினையும் வெளியே அனுப்பி, நாலாவது இடத்தைப் பிடித்தார்கள்.

1962-ல் இந்தியாவிடம் தோற்ற அதே கொரியாதான்! தோற்றாலும் போய் ஆடியவன் ஒருவன். ஜெயித்தும் போகாமல் இருந்தவன் ஒருவன். வித்தியாசம் அங்கேதான் தொடங்கியது.

1958 முதல் 1970 வரை நடந்த 4 உலகக் கோப்பைகளுக்கு இந்தியா பெயரே கொடுக்கவில்லை.

சும்மா போக இனி முடியாது!

இதற்கிடையே இன்னொன்றும் நடந்தது.

1958-ம் ஆண்டுத் தகுதிப் போட்டியில் இஸ்ரேலுடன் ஆட எந்த நாடும் முன்வரவில்லை. துருக்கி, இந்தோனேசியா, எகிப்து, சூடான் என்று ஒவ்வொன்றாக விலகின. இஸ்ரேல் ஆடாமலே தகுதி பெறும் நிலை வந்தது.

"போட்டியை நடத்தும் நாட்டையும், கோப்பை வைத்திருக்கும் நாட்டையும் தவிர வேறு யாரும் ஓர் ஆட்டமாவது ஆடாமல் வரக்கூடாது" என்று உலகச் சங்கம் சொல்லிவிட்டது. இரண்டாம் இடம் வந்து வெளியேறிய நாடுகளின் பெயர்களைச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். கடைசியில் வேல்ஸ் என்ற சிறு நாட்டுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. இரண்டு ஆட்டத்திலும் இஸ்ரேலை ஜெயித்து வேல்ஸ் உள்ளே போனது. கால் இறுதி வரை சென்றது. அங்கே ஒரே ஒரு கோலில் பிரேசிலிடம் தோற்றது. அந்தக் கோலை அடித்தவன் 17 வயதுப் பையன். பெயர் பெலே!

1950-ல் இந்தியாவுக்குத் திறந்த கதவு 1958-ல் இப்படி மூடிக்கொண்டது. இனிமேல் ஆடித்தான் போக வேண்டும்.

பந்து விளையாட்டும் பட்டாளமும்

தகுதிப் போட்டி எவ்வளவு வெறியை மூட்டும் என்பதற்கு 1969-ம் ஆண்டு ஒரு சாட்சி. நடு அமெரிக்காவில் எல் சால்வடார், ஹோண்டுராஸ் என்று இரண்டு சின்ன நாடுகள். நிலத்தைப் பற்றியும், குடியேறியவர்களைப் பற்றியும் அவற்றுக்குள் முன்பே பகை இருந்தது. அந்தச் சமயத்தில் தகுதிப் போட்டியும் சேர்ந்துகொண்டது. இரு ஊரிலும் கலகம். மூன்றாவது ஆட்டத்தை வேறு நாட்டில் வைத்தார்கள். எல் சால்வடார் 3–2 என்று ஜெயித்தது. சில நாட்களில் இரு நாட்டுப் பட்டாளமும் மோதிக்கொண்டன! 4 நாள் யுத்தத்தில் பலர் மாண்டார்கள். விளையாட்டு விளையாட்டாக இருக்கவேண்டும் என்பதை அந்த ரத்தம் உலகுக்கு நினைவூட்டியது.

35 ஆண்டு கழித்து

1950-ல் ஆடாமலே தகுதி பெற்ற இந்தியா, தகுதிப் போட்டியில் முதன் முதலாகப் பந்தை உதைத்தது எப்போது தெரியுமா? 1985-ல்! நடுவே 35 ஆண்டுகள் ஓடிவிட்டன.

இந்தோனேசியா, தாய்லாந்து, வங்காளதேசம் ஆகிய நாடுகளுடன் 6 ஆட்டங்கள். இந்தியா இரண்டில் ஜெயித்தது. மூன்று ஆட்டம் சமமாக முடிந்தது. ஒன்றில்தான் தோல்வி. அந்த ஒன்று போதுமே! இந்தோனேசியா முதல் இடத்துக்குப் போனது. இந்தியாவுக்கு இரண்டாம் இடம்.

2001-ல் இன்னும் நெருங்கி வந்தார்கள். ஐக்கிய அரபு நாட்டை பெங்களூரில் 1–0 என்று ஜெயித்தார்கள். புருனேயை இரண்டு தரம் ஜெயித்தார்கள். ஏமனுடன் இரண்டு ஆட்டமும் சமம். கடைசியில் கணக்குப் பார்த்தால் அரபு நாட்டுக்கு 12 புள்ளி. இந்தியாவுக்கு 11 புள்ளி. ஒரே ஒரு புள்ளியில் அடுத்த கட்டம் கை நழுவியது!

எத்தனை வாசல்?

இப்போது வாசல்களை எண்ணிப் பார்ப்போம். 2026-ம் ஆண்டுப் போட்டிக்கு 48 நாடுகளுக்கு இடம் கொடுத்தார்கள். அதற்கு முன்பு 32 இடங்கள்தான். ஆசியாவுக்கு நேரடியாக 8 இடங்கள் கிடைத்தன.

அந்த 8 இடங்களுக்கு ஆசிய நாடுகள் இப்படி மோதின:

முதல் வாசல்: தரவரிசையில் கடைசியில் இருக்கும் 20 நாடுகள் இரண்டிரண்டாக மோதும். ஜெயித்த 10 நாடுகள் மேலே போகும்.

இரண்டாம் வாசல்: 36 நாடுகள். நாலு நாலாக 9 பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு நாடுகள் தேறும். ஜெயித்தால் 3 புள்ளி. சமம் என்றால் 1 புள்ளி. தோற்றால் ஒன்றும் இல்லை.

மூன்றாம் வாசல்: 18 நாடுகள். ஆறு ஆறாக 3 பிரிவுகள். முதல் இரண்டு இடம் பெறுபவர்கள் நேரே உலகக் கோப்பைக்குப் போகலாம். அப்படி 6 நாடுகள்.

நாலாம் வாசல்: மூன்றாவது, நாலாவது இடத்தில் வந்தவர்கள் மறுபடி மோதுவார்கள். அதிலிருந்து இன்னும் 2 நாடுகள்.

அதற்கு மேலும் ஒரு சந்து உண்டு. தோற்றவர்களில் இரண்டு நாடுகள் மோதும். ஜெயித்தவர் மற்றக் கண்டத்து நாடுகளுடன் ஆடி, அதிர்ஷ்டம் இருந்தால் உள்ளே போகலாம்.

இந்தியாவுக்கு முதல் வாசல் இல்லை. இரண்டாம் வாசலிலிருந்து ஆடினால் போதும். கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளுடன் ஒரே பிரிவு. இரண்டாவதாக வந்தாலே மூன்றாம் வாசலுக்குள் நுழையலாம். இந்தியா அதுவரை நுழையாத வாசல் அது!

கோட்டைத் தாண்டிய பந்து

2023 நவம்பரில் குவைத்தை அதன் ஊரிலேயே இந்தியா 1–0 என்று ஜெயித்தது. நாடு முழுவதும் மகிழ்ச்சி. ஆனால் பிறகு சறுக்கல். 2024 மார்ச்சில் கவுகாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 2–1 என்று தோற்றது.

ஜூன் 6-ந் தேதி கொல்கத்தாவில் மறுபடி குவைத்துடன் ஆட்டம். அணித் தலைவர் சுனில் சேத்ரி ஓய்வு பெறுவதாக அறிவித்திருந்தார். நாட்டுக்காக அதுவரை 94 கோல் அடித்திருந்தவர் அவர். அவருக்கு வெற்றியோடு விடை கொடுக்க அரங்கம் நிறையக் கூட்டம். ஆட்டம் கோல் இன்றி முடிந்தது. சேத்ரி கண் கலங்கி வெளியே போனார். (2025-ல் அவர் மீண்டும் அணிக்குத் திரும்பி ஆடியது வேறு கதை.)

மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம். ஜூன் 11-ந் தேதி தோகாவில் கத்தாருடன். ஆசியக் கோப்பையை வென்ற கத்தார்!

லல்லியன்சுவாலா சாங்டே என்ற மிசோரம் இளைஞர் கோல் அடித்தார். இந்தியா 1–0 என்று முன்னே நின்றது. இப்படியே முடிந்தால் மூன்றாம் வாசல் திறந்துவிடும்! நிமிடங்கள் ஓடின.

73-வது நிமிடம். கத்தார் வீரர் தலையால் முட்டிய பந்தைக் கோல் கீப்பர் குர்பிரீத் சிங் தடுத்தார். பந்து கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கோட்டைத் தாண்டி வெளியே உருண்டது. வெளியே போன பந்தை ஒரு கத்தார் வீரர் காலால் உள்ளே இழுத்தார். இன்னொருவர் வலைக்குள் தள்ளினார்.

"வெளியே போன பந்து! கோல் செல்லாது!" என்று இந்திய வீரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நடுவரோ கோல் என்றார். படம் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வசதி அந்தக் கட்டத்து ஆட்டங்களில் இல்லை. கொஞ்ச நேரத்தில் கத்தார் இன்னொரு கோல் போட்டது. 2–1.

அதே நாளில் குவைத் ஆப்கானிஸ்தானை ஜெயித்தது. குவைத்துக்கு 7 புள்ளி. இந்தியாவுக்கு 5 புள்ளி. வாசல் மூடியது. இந்தியச் சங்கம் புகார் கொடுத்தது. முடிவு மாறவில்லை.

அநியாயம்தான். ஆனால் ஒரு நடுவர் மேல் மட்டும் பழி போட்டால் போதுமா? கவுகாத்தியில் ஜெயித்திருந்தால்? கொல்கத்தாவில் ஒரு கோல் போட்டிருந்தால்? கடைசி நாளில் அடுத்தவர் தீர்ப்பை நம்பி நிற்க வேண்டியதே இல்லை!

குட்டி நாட்டின் பெரிய சாதனை

"பெரிய நாடு, பணக்கார நாடுதான் போக முடியும்" என்று சொல்வதும் சரியல்ல. 2026-ம் ஆண்டுப் போட்டிக்குத் தகுதி பெற்ற குராசோ என்ற தீவைப் பாருங்கள். மொத்த ஜனத்தொகையே சுமார் ஒன்றரை லட்சம்தான். விழுப்புரம் மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது! கேப் வெர்டே என்ற தீவு நாடும், ஜோர்டானும், உஸ்பெகிஸ்தானும் முதன் முறையாக அந்தப் போட்டிக்குத் தகுதி பெற்றன.

பெண்கள் காட்டிய வழி

இந்தியாவிலும் நம்பிக்கைக்கு இடம் உண்டு. அதைக் காட்டியவர்கள் பெண்கள்.

பெண்களுக்கு நடக்கும் ஆசியக் கோப்பைதான் அவர்களுடைய உலகக் கோப்பைக்கும் வாசல். 2022-ல் அது இந்தியாவிலேயே நடந்தது. கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் அந்த அணியில் இருந்தார். ஆனால் கொரோனா நோய் அணிக்குள் புகுந்துவிட்டது. ஆடுவதற்கு ஆள் போதவில்லை. இந்தியா பாதியிலேயே வெளியேற நேர்ந்தது. சொந்த வீட்டு வாசலிலேயே கதவு சாத்தியது!

பெண்கள் மனம் தளரவில்லை. 2025 ஜூலை 5-ந் தேதி, தாய்லாந்தின் சியாங் மாய் நகரில், தாய்லாந்தையே 2–1 என்று ஜெயித்தார்கள். இரண்டு கோலும் போட்டவர் சங்கீதா பாஸ்போர். தகுதிப் போட்டியில் ஆடி ஜெயித்து இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. அந்த நுழைவு அவர்களுக்குச் சும்மா வரவில்லை. ஆடிப் பெற்றார்கள்.

தாத்தாவின் பதில்

2025 ஜூலையில்தான் செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் ஏறியது. மராட்டியர் கோட்டைகள் 12 அந்தப் பட்டியலில் சேர்ந்தன. அவற்றில் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றுதான்.

கல்லால் ஆன கோட்டை உலகப் பட்டியலுக்குள் போய்விட்டது. காலால் ஆடும் ஆட்டம் எப்போது போகும்?

தளவானூர்த் திண்ணையில் பேரன் இன்னும் பதிலுக்காகக் காத்திருக்கிறான். தாத்தா இப்படிச் சொல்லலாம்:

"ஒரு காலத்திலே கதவு திறந்தே கிடந்துச்சுடா, தம்பி. அதோட அருமை தெரியாம நாம போகலே. இப்போ பூட்டு மேல பூட்டு. ஒவ்வொண்ணா ஆடித்தான் திறக்கணும். நாளைக்கு இருட்டுறதுக்கு முன்னாடி வயலுக்குப் போ. பந்தை மறக்காம எடுத்துக்கிட்டுப் போ!"